சுட்டது தீ மட்டுமா?

திருக்குறளை மனப்பாடம் செய்யாமல் தமிழ்ப்பள்ளியின் படியைத் தாண்டிய பிள்ளை இந்நாட்டில் இருத்தல் அரிது. குறள்களுள்ளும் 129-ஆம் குறளை அறியாதார் மிகச் சிலரே. தீயினால் உண்டாகும் புண்ணையும் நாவினால் உண்டாகும் வடுவையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்த வள்ளுவர், முன்னது ஆறிவிடும், பின்னது ஆறாது என்று அதிலே தீர்ப்பளித்தார். அக்குறளை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். பேச்சுப் போட்டியில் அதை ஒப்புவிக்கும் சிறுவனுக்குக் கைதட்டிப் பரிசும் வழங்குகிறோம். ஆனால், மெய்யாகவே தீயினாற் சுடப்பட்ட ஒரு குழந்தை நம் எதிரே வந்து நிற்கும்பொழுது, நம் நாவைக் கொண்டு அதற்கு இரண்டாம் முறை சூடு போடுகிறோம். இதைக் காட்டிலும் வெட்கக்கேடு வேறு உண்டோ?

மிகைப்படுத்திக் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. சென்ற ஆண்டு ஒரு சிறு நகரத்திலே நடந்த கல்யாணத்திற்குச் சென்றிருந்தேன். மண்டபத்திலே பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்தி விளையாடிக் கொண்டிருந்தனர். அவர்களுள் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. அவளுடைய இடக் கன்னத்திலிருந்து கழுத்து வழியாகக் கைவரை தோல் சுருங்கித் தடித்திருந்தது. கையிலே பழுப்பு நிறத்தில் இறுக்கமான உறை ஒன்று அணிந்திருந்தாள். இரண்டாண்டுகளுக்கு முன் கொதிக்கும் வடிகஞ்சி அவள்மேல் கவிழ்ந்ததாம். குழந்தையோ அதை நினையாமல் சிரித்து ஓடிக் கொண்டிருந்தாள். நினைப்பூட்டுவதற்குத்தான் பெரியவர்கள் இருக்கிறோமே! "ஐயோ பாவம், பெண் பிள்ளையாய்ப் போயிற்றே!" என்றார் ஒரு பாட்டி. "அடுப்படியில் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய்க்காரி எங்கே போனாளாம்?" என்றார் மற்றோர் அம்மையார். "என்ன கர்மமோ!" என்று முடித்தார் மூன்றாமவர். முகூர்த்த நேரம் நெருங்கிற்று. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அக்குழந்தையின் தாயிடம் வந்து, மிகவும் மரியாதையாகவே, "தங்கச்சி, தாலி கட்டுகிற நேரம், பிள்ளையைக் கொஞ்சம் பின்னாலே அழைத்துப் போ அம்மா" என்றார். அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு, செருப்புகள் கழற்றிக் கிடந்த வாசற்புறத்திற்குப் போய் நின்றாள். உள்ளே கெட்டிமேளம் முழங்கிற்று.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. அவளை நோக்கிய கண்ணைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிக் கொண்டேன். அதை அவள் பார்த்தாள். ஆகவே பிறரைப் பழிப்பதற்காக மட்டும் இதனை எழுதவில்லை. அக்குற்றத்தில் பங்காளியாக நின்றவன் என்ற முறையிலே எழுதுகிறேன்.

அந்த மண்டபத்தில் நடந்தவை மூன்று. விதியின்மேலும் தாயின்மேலும் பழி போட்டது ஒன்று. இரக்கம் என்ற பெயரால் வதைத்தது மற்றொன்று. மங்கலம் என்ற பெயரால் மறைத்தது இன்னொன்று. இம்மூன்றையும் தனித்தனியே விசாரிப்போம்.

முதலாவது, விதி. "முற்பிறவியில் என்ன பாவம் செய்ததோ" என்பாரை ஒன்று கேட்கிறோம். மூன்று வயதுக் குழந்தையின்மேல் கஞ்சி கவிழ்ந்ததற்குக் காரணம் முற்பிறவியா, அல்லது சட்டியின் கைப்பிடி அடுப்பின் விளிம்புக்கு வெளியே நீட்டிக் கொண்டிருந்ததா? இளங்குழந்தைகளுக்கு நேரும் சுடுகாயங்களிற் பெரும்பகுதி கொதிநீர், கோப்பி, தேநீர், கஞ்சி, குழம்பு ஆகியவற்றால் விளைவது என்பதை டாக்டர்கள் யாவரும் அறிவர். பெரியவர்கள் சமாளித்துக் கொள்ளும் சூடு, மெல்லிய தோலையுடைய குழந்தையைச் சில விநாடிகளில் ஆழமாகப் புண்படுத்திவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 180,000 பேர் தீக்காயத்தால் மாள்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். முற்பிறவிப் பாவம் ஏழைகளின் வீட்டைமட்டும் விசாரித்துக்கொண்டு போகிறதோ? நெருக்கடியான வீடும், பிள்ளையின் கைக்கு எட்டும் அடுப்புமே காரணம் என்று ஒப்புக்கொண்டால் அவற்றைத் திருத்த வேண்டிய கடமை நமக்கு வந்துவிடும். விதி என்று சொல்லிவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு போகலாம். விதி அடுப்பை உயர்த்தி வைக்குமா? சூடு பட்ட இடத்தை ஓடுகின்ற குளிர்ந்த நீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும் என்று சொல்லித் தருமா? அதைச் சொல்லித் தராததனாலன்றோ இன்றும் நம்மவர் வீடுகளிற் பலர் பற்பசையையும் சோயா சாஸையும் எண்ணெயையும் தேடி ஓடுகின்றனர்!

இனி, "தாய் எங்கே போனாள்?" என்ற கேள்வி. தந்தை எங்கே போயிருந்தார் என்று அந்த மண்டபத்தில் எவரேனும் கேட்டதுண்டோ? ஒரு கையால் சோறு வடித்து, மறு கையால் மற்றொரு பிள்ளையைப் பிடித்திருக்கும் பெண்ணுக்கு முதுகிலும் கண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் சமூகம் நம்முடையது. அவள் தன்னையே தினமும் ஆயிரம் முறை குற்றஞ் சாட்டிக் கொள்கிறாள். நம் உதவி அதற்குத் தேவையில்லை. அன்றியும், இப்பழி தாயோடு நிற்பதில்லை. தன் முகத்தைக் காணுந்தோறும் தாய் கண் கலங்குவதைப் பார்க்கும் குழந்தை, தன் முகம் கண்டோர் அழத்தக்க முகம் என்று கற்றுக்கொள்கிறது. அப்பாடத்தை அதற்குக் கற்பித்தவர்கள் யார்? தாயை அழவைத்த நாமே.

இரண்டாவது, இரக்கம். "நாங்கள் வைதோமா, அடித்தோமா? இரங்கத்தானே செய்தோம்?" என்று கேட்பர். நல்லது. ஐந்து வயதுக் குழந்தைக்குத் தன் வடு நாள் முழுவதும் நினைவில் இருப்பதில்லை. ஓடும்பொழுது அவள் ஓடுகின்ற குழந்தை. உண்ணும்பொழுது உண்கின்ற குழந்தை. ஓடுகிறவளை நிறுத்தி, "ஐயோ" என்று சொல்லி, "நீ மற்றவர்களைப் போன்றவள் அல்லள்" என்று அறிவிப்பது நம் இரக்கமே. கடைத்தெருவில் ஒருவர், பேருந்தில் ஒருவர், கோயிலில் ஒருவர், உறவினர் வீட்டில் இருவர் என்று நாளொன்றுக்கு ஐவர் இரங்கினால், பள்ளியிற் சேரும் வயதுக்குள் எத்தனை ஆயிரம் முறை அவளுக்கு இவ்வறிவிப்பு வந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

"யார் இவளைக் கட்டிக்கொள்வார்?" என்ற பேச்சோ கொடுமையிலும் கொடுமை. பால்பற்கள் விழாத குழந்தையைக் கல்யாணச் சந்தையில் நிறுத்தி விலை குறைத்துப் பேசுவது இரக்கமாகுமோ? அவளுக்குக் காது இருக்கிறது என்பதைக்கூட இவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வடு பெரிதாயின் மனத்துயரும் பெரிது, சிறிதாயின் துயரும் சிறிது என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். இவ்விஷயத்தை ஆராய்ந்தோர் கண்டது வேறு. பெரிய வடுவுடன் நிமிர்ந்து வாழ்வோரும் உண்டு. சிறிய வடுவினால் ஒடுங்கிப் போவோரும் உண்டு. குடும்பத்தின் அரவணைப்பு, தோழமை, பிறரோடு பழகும் திறமை ஆகியவையே பெரிதும் வேற்றுமையை உண்டாக்குகின்றன. இங்கிலாந்திலே ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் என்பவர் 1970-ஆம் ஆண்டில், தமது 18-ஆம் வயதில், கார் தீப்பற்றியதால் முகம் வெந்தவர். 1992-இல் அவர் முகமாற்றம் உடையோர்க்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினார். பிறர் உற்று நோக்கும்பொழுது என்ன சொல்வது, பேச்சை எவ்வாறு தானே தொடங்குவது என்பவற்றைக் கற்பிக்க முடியும் என்று அவர் காட்டினார். அறுவைக் கத்தியாற் செய்ய இயலாததைப் பழக்கத்தினாற் செய்யலாம் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.

மூன்றாவது, மறைத்தல். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் மலேசியாவின் பல ஊர்க் கோயில்களிலும் ஆண்டுதோறும் தீமிதி நடைபெறுகிறது. விரும்பி நேர்ந்துகொண்டு தீயில் இறங்கி வருவோரைக் கைகூப்பி வணங்குகிறோம். விரும்பாமலே தீயைக் கடந்து, உயிரோடு மீண்டு வந்த குழந்தையை மட்டும் மங்கலத்துக்கு ஆகாதவள் என்று செருப்பு வைக்கும் இடத்திற்கு அனுப்புகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

சில பெற்றோர்கள் தாமே பிள்ளையை மறைக்கின்றனர். "நாலு பேர் பார்த்தால் பிள்ளை வருந்துவாள், இன்னும் ஓராண்டு வீட்டிலேயே இருக்கட்டும்" என்கின்றனர். அவர்கள் அன்பை நாம் சந்தேகிக்கவில்லை. ஆயினும், மறைக்கப்படும் பொருள் வெட்கத்துக்குரிய பொருள் என்பதைக் குழந்தை அறியாதென்று நினைப்பது பிழை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொடக்கக் கல்வி 2003 முதல் சட்டப்படி கட்டாயம் என்பதையும் நினைவிற் கொள்க. பாலர் பள்ளிக்கும் அனுப்பாமல் மறைத்து வைத்த பிள்ளை, முதலாம் வகுப்பில் ஒரே நாளில் நாற்பது கண்களைச் சந்திக்க நேரும். நீந்தப் பழக்காத பிள்ளையை ஆற்றின் நடுவிலே இறக்கிவிடுவது போன்றதன்றோ இது?

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே எல்லாம் முடிந்தது என்றும் நம்மவர் கருதுகின்றனர். உண்மையில் அக்குழந்தை தாங்குவதை அறிந்தால் நம் வாய் தானே அடங்கும். புண் ஆறிய பின்னர்த்தான் வடு சிவந்து, தடித்து, அரிக்கத் தொடங்குகிறது. அது முதிர்ந்து வெளிறி மென்மையடைய ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும், ஆகிறது. அதுவரை வடுவை அமிழ்த்தி வைப்பதற்காக அழுத்த உடை என்ற இறுக்கமான உறையை நாளொன்றுக்கு ஏறக்குறைய 23 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும். சிலருக்குச் சிலிக்கோன் தகடும் வைக்கப்படும். தினமும் பலமுறை களிம்பு தேய்த்து வடுவைப் பிடித்துவிட வேண்டும்; வலிக்க வலிக்க விரலையும் கழுத்தையும் நீட்டிப் பழக வேண்டும். ஒட்டுத்தோலில் வியர்வை சுரப்பதில்லை. ஆகவே நமது நாட்டு வெயிலில் அக்குழந்தைக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் புழுங்கும். இவையெல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை வளர்கிறது. வடு அதற்கு ஈடாக வளர்வதில்லை. அதனால் வடு கழுத்தையும் மூட்டையும் இழுத்து மடக்குகிறது. அதை விடுவிக்க, வளரும் பருவத்தில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். 1972-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி வியட்நாமில் நேபாம் குண்டினால் வெந்து, ஆடையின்றிச் சாலையில் ஓடிவந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் படத்தை உலகமே கண்டது. அப்படத்தைக் கண்டு கண்ணீர் விட்டவர்கள் கோடிக்கணக்கானோர். அச்சிறுமி ஆஸ்பத்திரியில் 14 மாதங்கள் கிடந்து 17 சிகிச்சைகளுக்கு உட்பட்டதை நினைவில் வைத்திருப்போர் எத்தனை பேர்? கண்ணீர் ஒரு நிமிஷத்து வேலை; குழந்தையை வளர்ப்பதோ பல்லாண்டு வேலை.

நம் இனத்தாரின் கதையும் இதுவே. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி தமிழகத்துக் கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அந்நாளில் ஆண்டுதோறும் அவர்களுக்காக விளக்கேற்றி அழுகின்றனர், அழ வேண்டியதுதான். ஆனால் அத்தீயிலிருந்து வடுக்களோடு பிழைத்து வந்த பிள்ளைகளும் உண்டு. மாண்ட குழந்தைக்கு விளக்கேற்றும் கை, பிழைத்த குழந்தையின் தோளிலும் விழ வேண்டாமா?

ஓர் ஊர் முழுவதும் தன் பார்வையைத் திருத்திக்கொள்ளக் கூடுமோ என்று சிலர் ஐயுறலாம். கூடும், நடந்தும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரிலே ஆகாய விமானங்களில் வெந்து முகமும் கைகளும் உருமாறிய வீரர்களுக்கு, இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்னும் சிற்றூரின் ஆஸ்பத்திரியில் ஆர்ச்சிபால்ட் மக்கின்டோ என்ற டாக்டர் சிகிச்சை செய்தார். தோலை ஒட்டுவதோடு தம் கடமை தீர்ந்ததென்று அவர் கருதவில்லை. ஊராரிடம் சென்று, "இவர்களை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள், உற்றுப் பார்க்காதீர்கள், மற்றவர்களைப்போலவே நடத்துங்கள்" என்று கேட்டுக் கொண்டார். நோயாளிகளைக் கடைக்கும் திரைப்படக் கொட்டகைக்கும் போகச் செய்தார். 1941-இல் அந்நோயாளிகள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். போர் முடிந்த காலத்தில் அதில் 649 பேர் இருந்தனர். அவ்வூருக்கோ 'உற்றுப் பார்க்காத ஊர்' என்ற பெயர் நிலைத்தது. அவ்வூரார் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களே.

"அவர்கள் போர் வீரர்கள், இவள் சமையலறையில் வெந்தவள்" என்று வாதிப்பீர்களோ? மக்கின்டோ ஊராரிடம் கேட்டவை மாலையும் மரியாதையும் அல்ல. வீட்டு வாயிலைத் திறப்பதும், எதிரே உட்கார வைத்து உணவிடுவதும், முகம் பார்த்துப் பேசுவதுமே. இவற்றைச் செய்வதற்குத் தோட்டத்து லயத்தில் இடமில்லையா? அடுக்குமாடி வீட்டில் இடமில்லையா? அவளை வீராங்கனை என்று மேடையேற்றவும் வேண்டா. அதுவும் ஒரு சுமையே.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பெற்றோர்களே! உங்கள் குழந்தைக்கு உண்மையான ஒரு சிறு விடையைக் கற்றுக் கொடுங்கள். "சூடு பட்டது, இப்பொழுது ஆறிவிட்டது, வா, விளையாடலாம்" என்ற அளவு போதும். பொம்மையை வைத்துக்கொண்டு, ஒருவர் கேட்பதுபோலவும் ஒருவர் விடை சொல்வதுபோலவும் வீட்டிலே விளையாடிப் பழக்குங்கள். விடை சொல்ல விருப்பமில்லாத நாளில் சொல்லாமலிருக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு என்று கூறுங்கள். "வளர்ந்தால் மறைந்துவிடும்" என்று பொய் சொல்லாதீர்கள். அவள் தவறு செய்தால் மற்றப் பிள்ளைகளைக் கண்டிப்பது போலவே கண்டியுங்கள். எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்து வளர்க்கப்படும் பிள்ளை, தான் குறைபட்டவள் என்பதையே அதிலிருந்து அறிகிறது.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர்களே! "அம்மா, அந்தப் பிள்ளை முகத்துக்கு என்ன?" என்று உங்கள் மகன் உரக்கக் கேட்டால், அவன் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். கேட்டவன் குற்றவாளி அல்லன். அறிய விரும்பும் குழந்தை. "அந்தப் பாப்பாவுக்கு முன்பு சூடு பட்டது, இப்பொழுது நலமாயிருக்கிறாள், போய்ப் பெயர் என்னவென்று கேள்" என்று சொல்லுங்கள். நீங்கள் இழுத்துக்கொண்டு ஓடினால் அன்று இரண்டு குழந்தைகள் கெட்டுப் போகின்றன.

ஆசிரியர்களே! அவள் வகுப்பில் நுழையும் முன்பே, பெற்றோரைக் கலந்து, மற்றப் பிள்ளைகளிடம் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள். இது தொற்றும் நோயன்று. கையைப் பிடித்து விளையாடலாம். உறை அணிந்திருப்பது வடுவை மென்மையாக்குவதற்கு. வெயிலில் அவளுக்கு நிழலும் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். பிறகு அவளையும் நடனத்திலும் பேச்சுப் போட்டியிலும் சேருங்கள். வகுப்புப் படம் எடுக்கும்பொழுது பின் வரிசையில் ஒளிக்காதீர்கள். பெயர் வைத்துக் கேலி செய்பவனைக் 'குழந்தைகள் அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள்.

திரைப்படம் எடுப்போரையும் சும்மா விட இயலாது. கொலைகாரன் என்றால் முகத்திலே வடு. பேய் என்றால் வெந்த முகம்! இந்தச் சோம்பேறிக் கற்பனையைப் பார்த்து வளரும் சிறுவன், பள்ளியிலே அவளைக் கண்டு "பேய்" என்று கத்தினால் பொறுப்பாளி யார்? 2018-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், முகவடுவைத் தீயவனுக்கு அடையாளமாக்கும் படங்களுக்கு இனிப் பணம் கொடுப்பதில்லை என்று அறிவித்தது. நாம் காசு கொடுத்துச் சீட்டு வாங்குகிறவர்கள். நமக்கும் கேட்கும் உரிமை உண்டு.

தோழர்களே! அந்தக் குழந்தை அடுத்துப் பள்ளிக்குச் செல்ல வேண்டியவள். அவள் தோலைச் சீர்செய்ய டாக்டர்களும் தாதியரும் இருக்கின்றனர். அவள் எதிர்ப்படும் ஆயிரம் கண்களைச் சீர்செய்ய எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்தில்லை. அது நம் கையில் இருக்கிறது. அவளை அடுத்த முறை ஒரு கல்யாணத்தில் கண்டால், முதலில் அவள் கண்ணைப் பார்த்துப் புன்னகை செய்யுங்கள். பின்னர்ப் பெயரைக் கேளுங்கள். எவரேனும் அவளைப் பின்னால் அனுப்ப வந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு முன் வரிசையில் அவள் பக்கத்திலே உட்காருங்கள். நான் அன்று செய்யத் தவறியது இதுவே. இனித் தவறுவதில்லை என்று உறுதி கொண்டிருக்கிறேன். நீங்கள்?